ஹெபடைடிஸ் சி: வகை அறியும் பரிசோதனைக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது

நிலைப்பாட்டு அறிக்கை

ஹெபடைடிஸ் சி தொற்று உறுதியானவருக்கு மருந்து தொடங்கும் முன், வைரஸின் மரபணு வகையையும் உட்பிரிவையும் கண்டறிந்தே ஆக வேண்டுமா?

எங்கள் நிலைப்பாடு

முதன்முறையாகச் சிகிச்சை பெறுபவருக்கு இந்தப் பரிசோதனையை நிபந்தனை ஆக்கக் கூடாது. சிகிச்சை பலிக்காதவருக்கு இதை மறுக்கவும் கூடாது.

காரணங்கள்

இந்த வைரஸில் 8 மரபணு வகைகளும் 90-க்கும் மேற்பட்ட உட்பிரிவுகளும் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் 3ஆம் வகையே மிகுதி. அடுத்தது 1ஆம் வகை. வடகிழக்கு மாநிலங்களில் 6ஆம் வகையும் உண்டு. இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் சிகிச்சை 24 வாரமா, 48 வாரமா என்பதை வகையே தீர்மானித்தது. அன்று பரிசோதனை தவிர்க்க முடியாதது.

இன்று நிலைமை வேறு. சோஃபோஸ்புவிருடன் டக்ளாடாஸ்விர் அல்லது வெல்பாடாஸ்விர் சேர்ந்த மாத்திரைகள் வகை பாராமல் வேலை செய்கின்றன. 2018இல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு இத்தகைய மருந்துகளையே பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர்.என்.ஏ. பரிசோதனையும், கல்லீரல் எந்த அளவு பாதிக்கப்பட்டுள்ளது என்ற மதிப்பீடும் இருந்தால் பெரும்பாலோருக்குச் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினால் செலவு கூடும், நாள் கடக்கும். திரும்பி வராமலே போய்விடுவோரும் உண்டு.

ஆனால் எல்லா உட்பிரிவுகளும் மருந்துக்கு ஒரே மாதிரி அடங்குவதில்லை. 4ஆர், 3பி போன்றவற்றில் என்.எஸ்.5ஏ புரதத்தைத் தாக்கும் மருந்துகளுக்கான எதிர்ப்பு இயல்பிலேயே அமைந்திருக்கிறது. ருவாண்டாவில் நடந்த ஆய்வொன்றில், சோஃபோஸ்புவிருடன் லெடிபாஸ்விர் பெற்ற 4ஆர் நோயாளிகளில் பாதியைச் சற்றே தாண்டியவர்கள்தான் குணமடைந்தார்கள். மருந்து தோற்றவருக்கும், இத்தகைய உட்பிரிவுகள் பரவலாக உள்ள பகுதிகளைச் சேர்ந்தவருக்கும் உட்பிரிவை அறிவது அவசியம்.

அதையும் சரியான முறையில் அறிய வேண்டும். வைரஸ் மரபணுவின் தொடக்கத்திலுள்ள 5' யு.டி.ஆர். பகுதி அதிகம் மாறாதது. தொற்றைக் கண்டுபிடிக்க அது ஏற்றது. உட்பிரிவைப் பிரித்தறியப் போதாது. அதை மட்டும் பார்த்தால் 6ஆம் வகையின் சில உட்பிரிவுகள் 1ஆம் வகை என்று தவறாகப் பதிவாகலாம். என்.எஸ்.5பி அல்லது கோர் பகுதியின் மரபணு வரிசையைப் படிப்பதே நம்பகமான வழி.

எங்கள் கோரிக்கைகள்

1. வகை அறியும் பரிசோதனை முடிவு இல்லை என்பதற்காக எந்த மருத்துவமனையும் முதல் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

2. சிகிச்சை பலிக்காதவர்களுக்கு உட்பிரிவு, மருந்து எதிர்ப்பு ஆகிய இரண்டுக்குமான மரபணு வரிசைப் பரிசோதனையை அரசு இலவசமாகச் செய்து தர வேண்டும்.

3. எந்தப் பகுதியை, எந்த முறையில் சோதித்தோம் என்பதை ஆய்வகங்கள் அறிக்கையில் எழுத வேண்டும். உட்பிரிவு தெளிவாகவில்லை என்றால் அதையும் அப்படியே குறிப்பிட வேண்டும்.

4. சிகிச்சைக்கு முந்தைய ரத்த மாதிரியை, நோயாளியின் ஒப்புதலோடு, உறைநிலையில் பாதுகாக்க வேண்டும். பின்னர் வைரஸ் மீண்டும் தென்பட்டால், அது பழைய தொற்றா புதிய தொற்றா என்று ஒப்பிட்டு அறிய அது உதவும்.

தொற்று உறுதியான ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்: சிகிச்சையை உடனே தொடங்குங்கள்; மாத்திரைகளை இடையில் நிறுத்தாதீர்கள்; முடித்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.