சந்தேகத்தின் பலன் யாருக்கு?

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் கிழக்கே பிரயாணம் செய்தவர்களுக்கு அரியமங்கலத்தை நாம் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் மூக்கு அந்த ஊரைச் சொல்லிவிடும் என்ற நிலைமை வெகுகாலம் இருந்தது. நகரத்துக் குப்பையையெல்லாம் பல பத்து வருஷங்களாகச் சுமந்த ஊர் அது. ஆனால் அந்தப் பக்கத்துக்கு வேறொரு பெருமையும் உண்டு. அருகிலே பொன்மலை ரயில்வே தொழிற்சாலை. சற்றுத் தள்ளித் திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலை. அதற்கும் அப்பால் துவாக்குடியில், 1964-ல் பிராந்தியப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றிய தேசியத் தொழில்நுட்பக் கழகம். ஸ்பானரும் திருப்புளியும் பிடித்துப் பழகிய கைகள் நிறைந்த பிரதேசம். அந்தக் கைகளைப் பார்த்து வளரும் குழந்தைகள் ரோபோ செய்ய ஆசைப்படுவதில் ஆச்சரியம் என்ன?

2016-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் உலக ரோபோ ஒலிம்பியாட் பந்தயம் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. அவ்வருஷம் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? குப்பை! குப்பையைக் குறைப்பதும், பிரிப்பதும், மறுபடி உபயோகமாக்குவதும். அரியமங்கலத்தை மனத்தில் வைத்துக்கொண்டே யாரோ தேர்ந்தெடுத்ததுபோல் நமக்குத் தோன்றியது.

இந்தப் பந்தயத்தின் முறையைச் சிறிது சொல்லவேண்டும். யந்திரம் புறப்படும்போது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 25 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. இரண்டு நிமிஷ அவகாசம். பொத்தானை அமுக்கியபின் குழந்தைகள் அதைத் தொடக் கூடாது; தூர இருந்து ஆட்டிவைக்கவும் கூடாது. எழுதிக் கொடுத்த புத்தியைக் கொண்டு அது தானே ஓடி, கட்டைகளைத் தூக்கி, உரிய கட்டங்களில் வைக்கவேண்டும். ஆசிரியருக்கும் தகப்பனாருக்கும் களத்திற்குள் இடமில்லை.

இரண்டு நிமிஷம் முடிகிறது. ஒரு கட்டை, கோட்டின்மேல் பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்கிறது. முழுதும் உள்ளே இருந்தால்தான் முழு மதிப்பெண். மத்தியஸ்தர் முழங்காலிட்டுக் குனிந்து பார்க்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்து உழைப்பு ஒரு மயிரிழையில் தொங்குகிறது. அவர் என்ன செய்யவேண்டும்?

இங்கேதான் ஸ்வாரஸ்யம். மேற்படி ஒலிம்பியாட்டின் பல வருஷத்து விதிப்புத்தகங்களில், சந்தேகம் நேர்ந்தால் போட்டியாளருக்குப் பாதகமான முடிவின் பக்கமே மத்தியஸ்தர் சாயவேண்டும் என்று எழுதியிருந்தது. அமெரிக்காவில் தோன்றிய ‘ஃபர்ஸ்ட் லெகோ லீக்’ என்னும் இன்னொரு பந்தயத்தின் விதியோ இதற்கு நேர் எதிர். எந்தப் பக்கமும் திடமான அத்தாட்சி இல்லையென்றால் சந்தேகத்தின் பலன் குழந்தைகளுக்கே! ஒரே கட்டை, ஒரே கோடு. ஒரு கூடத்தில் வெற்றி, அடுத்த கூடத்தில் தோல்வி.

கடுமையான விதிக்கும் நியாயம் இல்லாமற் போகவில்லை. பத்து மேஜைகளுக்குப் பத்து மத்தியஸ்தர்கள் இருந்தால் பத்துப் பேருடைய தயாள குணமும் ஒரே அளவாக இராது. தயையை அளக்கப் படி கிடையாது. கடுமையை மாத்திரம் ஒருவாறு சமமாகப் பங்கிடலாம். ஆயினும் நம்முடைய கட்சி குழந்தைகளின் கட்சிதான். பத்து வயதுப் பையனிடம் சந்தேகத்துக்கு வரி வசூலிப்பது நமக்குச் சம்மதமில்லை. எந்த விதியானாலும் சரி, பந்தயத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தால் பாதித் தகராறு ஒழியும்.

எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத மூன்றாவது விதி ஒன்று உண்டு. தெரிந்த முகத்துக்குச் சந்தேகத்தின் பலனைத் தருவது என்பதே அது. பந்தயம் நடத்தும் பள்ளிக்கூடமே அதில் கலந்துகொண்டு, அதன் ஆசிரியரே மத்தியஸ்தராகவும் அமர்ந்துவிட்டால், மனிதர் எவ்வளவு உத்தமராயிருந்தாலும் என்ன? தோற்ற பிள்ளை நம்பமாட்டான். ஜெயித்த பிள்ளைக்கும் அந்தக் கோப்பை அரைக் கோப்பைதான்.

“ஸெல்போனில் படம் பிடித்திருக்கிறோமே, அதைப் பார்த்தால் போகிறது” என்பார்கள் பெற்றோர்கள். மேற்சொன்ன ஃபர்ஸ்ட் ஸ்தாபனத்தார் பெரிய பிள்ளைகளுக்கு நடத்தும் பந்தயத்தில் தலைமை மத்தியஸ்தர் எந்தப் படத்தையும் பார்க்கவே கூடாது என்பது விதி. முதலில் நமக்கு இது பிடிவாதமாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால், நாலு பேர் படம் பிடிக்க வந்த கோஷ்டிக்கு ஒரு நீதியும், தனியே பஸ் ஏறி வந்த பையனுக்கு வேறு நீதியும் ஆகிவிடுமல்லவா? கிரிக்கெட்டில் அத்தனை காமிராக்களை வைத்தும், பந்து விக்கெட்டின் ஓரத்தை உரசும் என்று கணக்கு காட்டினால், அம்பயர் முன்பு சொன்னதே நிற்கிறது!

அதே பந்தயத்தில், முடிவைப் பற்றிக் கேட்கவேண்டுமானால் மாணவர் ஒருவர் தாமே குறித்த இடத்தில் போய் நின்று கேட்கவேண்டும். பெரியவர்கள் பேசக் கூடாது. ஒலிம்பியாட்டிலும் மதிப்பெண் தாளில் குழந்தைகளே கையெழுத்திடவேண்டும். கையெழுத்திட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மிகவும் அழகான ஏற்பாடு. ஆனால் நம் வீடுகளில் என்ன கற்றுக் கொடுக்கிறோம்? “பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே” என்றல்லவா? கோட்டு அணிந்த ஒருவர் பேனாவை நீட்டும்போது, “ஸார், மன்னிக்கவேண்டும், எட்டாவது வரியில் கூட்டல் தவறாயிருக்கிறது” என்று சொல்ல எத்தனை பிள்ளைகளுக்கு வாய் வரும்? விதிப்புத்தகமும் இங்கிலீஷில் இருந்து, பையன் தமிழ் மூலம் படிப்பவனாயிருந்தால், அவன் கையெழுத்திடுவது ஒப்புதலா, வெறும் பயமா?

2016-ல் ஆரம்பித்த அடல் திட்டத்தின்படி, தேர்ந்தெடுத்த பள்ளி ஒன்றுக்கு 20 லட்ச ரூபாய் வரை கொடுத்துப் பரிசோதனைக் கூடங்கள் அமைக்க உதவினார்கள். மோட்டாரும் சக்கரமும் வாங்கப் பணம் கிடைத்தது, மெத்தச் சந்தோஷம். அத்துடன் விதிகளைத் தமிழில் பத்துப் பக்கம் அச்சிட்டுக் கொடுக்க ஆகும் செலவு, ஒரு நல்ல மோட்டாரின் விலைகூட இராது. திருச்சிப் பக்கத்தில் அடுத்த பந்தயத்தை நடத்த முன்வருகிறவர்கள், மேஜை விரிப்பை வாங்குவதற்கு முன்னால் அந்தப் பத்துப் பக்கத்தை அச்சாபீஸுக்கு அனுப்பிவைக்கட்டும்.