சூடு காட்டிக் கொடுக்கும்

மத்திய ஆப்பிரிக்க நாடான சாட்டின் வடக்கே, சஹாரா பாலைவனத்தில் இருக்கிறது ஃபாயா லார்ஷோ. 1980களில் லிபியாவுடன் நடந்த போர் எப்போதோ முடிந்துவிட்டது. மண்ணில் புதைத்த கண்ணிவெடிகள் மட்டும் போகவில்லை. 2019-20ல் ஹ்யூமானிட்டி அண்ட் இன்க்ளூஷன் என்ற தொண்டு நிறுவனம் அங்கே ட்ரோன்களைப் பறக்கவிட்டது. அவற்றில் இருந்தது வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமரா. மணலுக்குள் கிடந்த வெடிகள் படத்தில் தெரிந்தன.

வழக்கமான மெட்டல் டிடெக்டர் உலோகத்தைத்தான் தேடும். பிளாஸ்டிக் உறை போட்ட சில வெடிகளில் ஒரு கிராம் உலோகம்கூட இருப்பதில்லை. அதையும் பிடிக்கும்படி கருவியைக் கூர்மையாக்கினால் துருப்பிடித்த ஆணிக்கெல்லாம் அலறும். ஒவ்வொரு அலறலுக்கும் ஒரு மனிதர் மண்டியிட்டு, மண்ணைக் குத்திப் பார்த்தாக வேண்டும்.

வெப்பக் கேமரா தன் பங்குக்கு எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. மண் தானாக வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். வெடி, மண்ணைப்போல வெப்பத்தைக் கடத்துவதில்லை. எனவே பகலில் வெயிலின் சூடு கீழே இறங்காமல் அதன் தலைக்கு மேலேயே தேங்குகிறது. இரவில் அடிமண்ணின் சூடு ஏறி வர முடியாமல் அதே இடம் சீக்கிரம் குளிர்கிறது. இந்த வித்தியாசம்தான் துப்பு.

ஆனால் காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் இரண்டும் சமமாகிவிடும். அப்போது கேமரா குருடு. புல், நிழல், கல் எல்லாம் ஏமாற்றும். தோண்டி மூடிய மண்ணின் அடையாளத்தை மழை அழித்துவிடும். ஆழமாகப் புதைந்த வெடியும் தப்பிவிடும்.

இந்தியாவுக்கும் இதில் அக்கறை உண்டு. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு பஞ்சாப், ராஜஸ்தான், ஜம்மு காஷ்மீர் எல்லைகளில் ராணுவம் கண்ணிகளைப் புதைத்தது. படைகள் திரும்பிய பிறகும் அகற்றும் வேலை நீண்டது. விவசாயிகளும் கால்நடைகளும் பலியானார்கள். வறண்ட மணலில் பலிக்கும் வித்தை, நீர் பாயும் கோதுமை வயலில் அவ்வளவு எளிதல்ல.

1990களில் ஐ.நா. வைத்த அளவுகோல், வெடிகளில் 99.6 சதவீதம் அகற்றப்பட வேண்டும் என்பது. எங்கே தோண்டலாம் என்று கேமரா சொல்லும். எங்கே ஏர் ஓட்டலாம் என்று அதனால் சொல்ல முடியாது. விவசாயிக்கு வேண்டியதோ இரண்டாவது பதில்தான். அதற்கு இன்னமும் ஒரு மனிதர் மண்டியிட வேண்டியிருக்கிறது.