எடுக்கக் கூடாத ஏணி

சித்தப்பாவின் வாட்ஸாப் இந்த வாரமும் சும்மா இருக்கவில்லை. 'நோவாவின் பேழை கிடைத்துவிட்டது! விஞ்ஞானிகள் திகைப்பு!' படத்தைப் பார்த்தால் அதே துருப்பினார் மேடு. அரராத் மலைக்குத் தெற்கே படகு மாதிரி கிடக்கிற அதை 1959-இல் வான்படத்தில் கவனித்தவர் துருக்கி ராணுவ அதிகாரி இல்ஹான் துருப்பினார். இயற்கையாக உருவான மேடுதான் என்று நிலவியலாளர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். ஃபார்வர்டுதான் ஓயவில்லை.

எரிச்சலாக வருகிறது. பைபிள் காலத்துத் தலம்தான் வேண்டுமென்றால், ஜெருசலேமில் திருக்கல்லறை ஆலயம் இருக்கிறதே! அங்கே எனக்குப் பிடித்தது, வாசலுக்கு மேலே வலப்பக்க ஜன்னலடியில் சாத்தியிருக்கும் சின்ன மர ஏணி. 1728-ஆம் ஆண்டுச் சித்திரம் ஒன்றிலேயே அது இருக்கிறது. ஆலயத்தில் ஆறு சபைகளுக்குப் பங்கு. எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது என்று ஓயாத வம்பு. 'உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்' என்று ஒட்டோமான் சுல்தான்கள் 1757-இலும் 1852-இலும் ஆணை போட்டார்கள். ஏணியும் உள்ளபடியே நின்றுவிட்டது. ஒரு குறும்பனும், பிறகு சாரம் கட்டியவர்களும் எடுத்ததுண்டு; மறுபடி அங்கேயே வைத்தாயிற்று.

சிரிக்கலாம். ஆனால் நம்மூர் வரப்புத் தகராறைவிட இது மோசம். ஆலயக் கூரை எத்தியோப்பியருக்கா காப்டிக் சபைக்கா என்று ஒரு வழக்கு. 2002 கோடையில் காப்டிக் துறவி ஒருவர் வெயில் தாளாமல் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டார். அடிதடியில் 11 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கல்லறை மண்டபத்தின் கதை இன்னும் கொடுமை. 1927 நிலநடுக்கத்தில் ஆட்டம் கண்டது. 1947-இல் பிரிட்டிஷார் இரும்புச் சட்டங்களால் முட்டுக்கொடுத்தார்கள். கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மேனியர் மூவரும் ஒத்துப்போகாததால் முட்டு முட்டாகவே நின்றது. 2015-இல் போலீஸ் வந்து, ஆபத்து என்று மண்டபத்தைச் சில மணி நேரம் மூடிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. ஏதென்ஸ் பேராசிரியர் அந்தோனியா மொரோபூலூவின் குழு 2017-இல் வேலையை முடித்தது.

இத்தனை பங்காளிகளிடம் சாவியைக் கொடுக்க முடியுமா? அது முஸ்லிம்களிடம் இருக்கிறது. ஜூதே குடும்பம் சாவியை வைத்திருக்கும். நுசைபா குடும்பம் கதவைத் திறக்கும். விடியுமுன் உள்ளே இருக்கும் துறவி, கதவிலுள்ள சிறு திறப்பு வழியாக வேறொரு ஏணியை வெளியே நீட்டுவார். நுசைபா வீட்டுக்காரர் அதில் ஏறி மேல் பூட்டைத் திறப்பார். இந்த ஏணி மட்டும் தினமும் இடம் மாறுகிறது. அதற்காக யாரும் அடித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.