தரை டிக்கெட்டை மறந்துவிடலாமா?



சித்தூரிலோ திருப்பதியிலோ பழைய சினிமாக் கொட்டகை ஒன்று மூடப்பட்டால், "போனால் போகட்டும், கையில்தான் செல்போன் இருக்கிறதே" என்று நம்மவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போக நம்மால் முடியவில்லை. நாள் முழுதும் மூட்டை தூக்கியவன் மாலையில் மனைவி மக்களோடு வந்து, காசு கொடுத்து, யார் தயவும் இல்லாமல் உட்கார்ந்த இடம் அது.

இந்தக் கொட்டகையின் வரலாற்றில் ரயில்வே ஊழியனுக்கும் பங்கு உண்டு. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கினார்; வேலையை விட்டார்; கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆயிற்று. இன்று அந்தக் கட்டடம் இல்லை. வெரைட்டி ஹால் ரோடு என்ற தெருப்பெயர் மட்டும் நிற்கிறது. புகழ்பெற்ற அந்தக் கொட்டகைக்கே இந்தக் கதி என்றால், யாரும் எழுதி வைக்காத நம் ஊர்க் கொட்டகைகளை எண்ணிப் பாருங்கள்!

இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, கொடுக்கும் காசு என்றார். காசிலும் ஏற்றத்தாழ்வு உண்டுதான்: தரை, பெஞ்சு, நாற்காலி. ஆனால் கோயில் வாசலில் தடுக்கப்பட்டவனைக் கொட்டகை வாசலில் டிக்கெட் உள்ளே விட்டது. இது சிறிய செய்தியா?

நம் பகுதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. எல்லைப் போராட்டங்களுக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. இங்கேயே இருந்து சிறுபான்மை ஆகிவிட்ட தமிழரும் உண்டு; நம்மைப் போலப் பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவர்களும் உண்டு. தமிழ்ப் படமும் தெலுங்குப் படமும் இரு சாராருக்கும் சொந்தமாயின. "அசோக்குமார்", "மீரா" ஆகிய தமிழ்ப் படங்களிலும் நடித்த தெலுங்குக் கலைஞர் நாகையா, சித்தூர் என்ற பெயரைத் தம் பெயரோடு சுமந்தாரே! நாம் தரை டிக்கெட் என்றோம், பக்கத்தில் இருந்தவன் நேல டிக்கெட் என்றான். இருவரும் உட்கார்ந்த மணல் ஒன்றுதான்.

படம் வந்த வழியும் நமக்குத் தெரியும். தகரப் பெட்டியில் சுருள்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் வரும். ஆயிரம் அடிச் சுருள் திரையில் 11 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 14 சுருள். பெட்டி இறக்கியவர், சுருள் மாற்றிய ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், முறுக்கு விற்ற அம்மா என்று எத்தனை குடும்பங்கள் அதை நம்பி இருந்தன!

இன்றைய நிலை என்ன? 2021 ஏப்ரலில் ஆந்திர அரசு டிக்கெட் விலையைக் குறைத்து ஆணையிட்டது. கிராம ஊராட்சியில் குளிர்சாதனம் இல்லாத கொட்டகையின் கடைசி வகுப்புக்கு 5 ரூபாய்! ஏழைக்கு நல்லது என்றார்கள். அந்த விலையில் கட்டுப்படியாகாது என்று பல கொட்டகைகளை உரிமையாளர்கள் மூடினார்கள். மூடிய கொட்டகையில் 5 ரூபாய் டிக்கெட்டால் யாருக்கு லாபம்? 2022 மார்ச்சில் புது ஆணை வந்தது: 20 ரூபாய் முதல் 250 ரூபாய் வரை. கால்வாசி இருக்கைகளாவது குறைந்த விலை வகுப்பாக இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. கொட்டகையும் நடக்க வேண்டும், கூலிக்காரனும் உள்ளே போக வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்பவர்கள் நம் கட்சி அல்ல.

ஆகவே சங்கத்தின் முன் இரண்டு வேலைகளை வைக்கிறோம். ஒன்று, அந்தக் கால்வாசி இருக்கைகள் உண்மையில் விற்கப்படுகின்றனவா என்று ஒவ்வொரு கிளையும் நேரில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். இரண்டு, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள். எந்தத் தெருவில் எந்தக் கொட்டகை இருந்தது, யார் வேலை செய்தார்கள், முதலில் பார்த்த படம் எது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். பழைய டிக்கெட் துண்டு, நோட்டீசு இருந்தால் கொண்டு வாருங்கள்.

நம் வரலாற்றை அரண்மனைக்காரர்கள் எழுத மாட்டார்கள். தரையில் உட்கார்ந்தவர்கள் நாம்தான், நாமே எழுதுவோம்!