சரக்கு ஒண்ணுதான்... பாட்டில்தான் வேற!

திருத்தணியில பஸ் ஏறி அம்மையார்குப்பத்துல இறங்குறதுக்குள்ள நாக்கு வறண்டுடும். கோடையில வெயில் லிஸ்ட்ல அடிக்கடி டாப்ல வர்ற ஏரியாவாச்சே! தறிச் சத்தம் கேட்ட தெருமுனைப் பெட்டிக்கடையில நானும் ரூம்மேட்டும் ரெண்டு பன்னீர் சோடா வாங்கினோம். ஒண்ணு கோலி பாட்டில், இன்னொண்ணு வாசல்ல வெயில் காய்ஞ்ச பிளாஸ்டிக் பாட்டில்.

"ரெண்டும் ஒரே சரக்குதான் தம்பி. ஒரே இடத்துல போட்டது" என்றார் கடைக்காரர். ஆனா, பிளாஸ்டிக்ல இருந்தது பாகு மாதிரி திகட்டுச்சு. "மனப்பிரமைடா" என்றான் ரூம்மேட். விடுவேனா? ஒரே மாதிரி டம்ளர்ல ஊத்தி, அவன் கண்ணைக் கட்டி, மாத்தி மாத்திக் கொடுத்தேன். நாலு தடவையும் கரெக்டா சொல்லிட்டான்!

காரணம் சர்க்கரை இல்லை பாஸ், கேஸ். சோடாவுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு நாக்குல பட்டதும் அமிலமா மாறுது. நாக்குல புளிப்பை உணர்ற செல்களே இதையும் உணருதுன்னு 2009-ல எலிகளை வச்சு நடந்த ஆய்வுல கண்டுபிடிச்சாங்க. கேஸ் குறைஞ்சா புளிப்பு குறையும், இனிப்பு மட்டும் தனியா நிக்கும். கண்ணாடியைத் தாண்டி கேஸ் போக முடியாது. பிளாஸ்டிக் சுவர் வழியா கொஞ்சம் கொஞ்சமா நழுவிடும், சூட்டுல இன்னும் வேகமா. சின்ன பாட்டில்னா ரொம்ப மோசம். உள்ள இருக்கிற சோடாவுக்குச் சுவரோட பரப்பு அதிகம். (மாஸ் டிரான்ஸ்ஃபர்ல அரியர் வச்சவன் சொல்றேன், நம்புங்க!)

கோலி பாட்டில் 1872-ல ஹைரம் காட்ங்கிற இங்கிலாந்து இன்ஜினீயர் காப்புரிமை வாங்கின டிசைன். உள்ள இருக்கிற கேஸே கோலியை ரப்பர் வாஷர்ல அழுத்தி மூடிக்கும். தனியா மூடியே வேணாம்!

பீர்லயும் இந்த பாட்டில் பஞ்சாயத்து உண்டு. (அலறாதீங்க. தமிழ்நாட்டுல அதுக்கு 21 வயசாகணும், எனக்கு 20. படிச்சதுதான்!) அங்கே வில்லன் வெளிச்சம். பீர்ல சேர்க்கிற ஹாப்ஸ் பூவோட கசப்புச் சத்து மேல வெளிச்சம் பட்டா, கந்தகம் கலந்த ஒரு பொருள் உருவாகி நாறும். பிரவுன் பாட்டில் அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், பச்சை பாட்டில் அவ்வளவா தடுக்காது. கேன்ல இந்தத் தொல்லையே இல்லை.

நம்ம கதைக்கு வருவோம். கடைக்காரருக்கு ரோஷம் வந்துடுச்சு. காலையில வந்த லோடுல இருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உள்ளேயிருந்து எடுத்து நீட்டினார். அதுல என் ஆளு தடுமாறிட்டான்! ஆக, குத்தம் பிளாஸ்டிக் மேல மட்டும் இல்லை, வாசல்ல காய்ஞ்ச நாட்கள் மேலயும்தான்.

"அப்போ கோலி சோடாவையே நிறைய வைக்கலாமே?"ன்னு கேட்டேன். "காலி பாட்டிலைத் திருப்பி வாங்கணும், கழுவணும், வாஷர் மாத்தணும். யாரு தம்பி செய்றாங்க? இப்பல்லாம் ஒரு கிரேட்தான் வருது."

பஸ் ஹாரன் கேட்டுச்சு. பாதி சோடாவோட ஓடப் பார்த்தேன்.

"தம்பி... பாட்டிலு!"

நின்னு, குடிச்சு முடிச்சு, கையில கொடுத்துட்டுத்தான் ஏறினேன்.