அட்டையில் ஒரு சன்னல்
பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள், பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு அம்மா இனிப்பு ஊட்டும் படம் நாளிதழில் தவறாமல் வந்துவிடுகிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனம் உடனே கல்லூரி திறக்கும் நாளுக்கு ஓடிவிடும். சிறப்புப் பள்ளியில் விடுதியும் வகுப்பும் ஒரே வளாகத்தில், கால்களுக்கு மனப்பாடமான படிகள் என்று வளர்ந்த பிள்ளை, இனி இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். “இது எந்த பஸ்ண்ணா?” என்று முன்பின் தெரியாதவரைக் கேட்கும் துணிச்சலை எந்தப் பாடவேளையில் சொல்லிக்கொடுத்தோம்? அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 விழுக்காடு இடத்தை 2016ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வழியைப் பள்ளிதான் பழக்க வேண்டும். வெள்ளைக்கோல், திரையை வாசித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் (இலவசம்தான்), அடுப்பில் பால் பொங்குவதைக் காதால் அறிவது, எல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கலாம். கையெழுத்தும் அந்தப் பட்டியலில் வேண்டும். எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி வரலாற்றுப் பாடத்தை வரி பிசகாமல் சொல்வாள். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதினார். வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, கேள்வியே இல்லாமல் கைரேகை வைக்க அவள் முன் மைப்பெட்டியை நகர்த்தினார்கள். அன்று மாலை அவள் அத்தை கெட்டி அட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு சன்னல் வெட்டிக் கொடுத்தார். இடது கை விரலை விளிம்பில் ஊன்றி, பேனா முனை அட்டையில் முட்டும்வரை அவள் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். ஒரு நோட்டு முழுக்க அந்தப் பெயர்தான்.