லினக்ஸில் விளையாட்டு: பொறுப்பு யாருடையது?

லினக்ஸ் இயங்குதளத்தில் வணிக வீடியோ கேம்களை விளையாட முடியுமா என்ற கேள்விக்குத் தொழில்நுட்ப அளவில் இன்று பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. விண்டோஸுக்காக மட்டுமே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகள், அவற்றை உருவாக்கியவர்கள் ஒரு வரி நிரலைக்கூட மாற்றாத நிலையிலும், லினக்ஸ் கணினிகளில் ஓடுகின்றன. ஸ்டீம் என்னும் இணைய விற்பனைத் தளம் மாதந்தோறும் நடத்தும் கணக்கெடுப்பில் நெடுங்காலம் 1 விழுக்காட்டை ஒட்டியே கிடந்த லினக்ஸ் பயனர்களின் பங்கு, 2025 அக்டோபரில் 3 விழுக்காட்டைத் தாண்டியது. ஆயினும் ஒரு விளையாட்டு ஓடுவது வேறு. காசு வாங்கிக்கொண்டு விற்றவர், அது இனியும் ஓடும் என்று பொறுப்பேற்பது வேறு. முதலாவது லினக்ஸுக்குக் கைகூடிவிட்டது. இரண்டாவது இன்னும் கைகூடவில்லை என்பதையும், அதற்கான காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பத்துக்கு வெளியே இருக்கிறது என்பதையும் கடந்த கால் நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது.

விளையாட்டுகளை லினக்ஸுக்கென மாற்றி எழுதி விற்கும் முயற்சி புதிதன்று. 1998இல் ஸ்காட் டிரேக்கர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய லோக்கி சாஃப்ட்வேர், பிற நிறுவனங்களின் புகழ்பெற்ற விளையாட்டுகளுக்கு உரிமம் பெற்று, அவற்றை லினக்ஸில் இயங்குமாறு மாற்றி, பெட்டியிலிட்டுக் கடைகளில் விற்றது. 1999இல் வெளியான 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' அதன் முதல் வெளியீடு. ஒரே கணினியில் இரு இயங்குதளங்களையும் வைத்திருந்தவர்கள் விண்டோஸ் பதிப்பை வாங்குவதே எளிதாக இருந்த காலத்தில், லினக்ஸ் பதிப்புக்குப் போதிய சந்தை உருவாகவில்லை. 2001இல் திவால் பாதுகாப்பு கோரிய அந்நிறுவனம் 2002 ஜனவரியில் மூடப்பட்டது. பயனர் குறைவு என்பதால் விளையாட்டு வருவதில்லை, விளையாட்டு வராததால் பயனர் பெருகுவதில்லை என்ற சுழல் அதன்பின் பல ஆண்டுகள் நீடித்தது. 2020 மார்ச்சில் 'ராக்கெட் லீக்' தன் மேக், லினக்ஸ் பதிப்புகளைக் கைவிட்டபோது, அவ்விரண்டும் சேர்ந்து விளையாடுவோரில் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அதன் தயாரிப்பாளர்கள் காரணம் கூறினர்.

சந்தைக் குறைவைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. லினக்ஸின் கெர்னல், அதாவது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் கருப்பகுதி, பழைய மென்பொருள்களை முடக்கும் மாற்றங்களைச் செய்யக்கூடாது என்பதில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். ஆனால் அந்தக் கருப்பகுதிக்கு மேலே, எல்லா மென்பொருள்களும் பகிர்ந்துகொள்ளும் நிரல் நூலகங்கள் பல குழுக்களால் தனித்தனியே பேணப்படுகின்றன. அவற்றில் அத்தகைய உறுதி சீராக இல்லை. மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளுக்கு இது பெரிய இடர் அல்ல. நூலகம் மாறினால் யாரேனும் ஒருவர் அதனைத் திருத்தி மீண்டும் தொகுத்துவிடுவார். மூலநிரலைப் பூட்டிவைத்து விற்கப்படும் விளையாட்டுக்கோ திருத்த ஆளில்லை. தயாரித்த குழு கலைந்துபோன பின் அது மெல்லப் பழுதாகும். 2022 ஆகஸ்டில் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் 2.36ஆம் பதிப்பு, பழைய அட்டவணை வடிவம் ஒன்றை இயல்பிருப்பில் நீக்கியபோது, 'ஈஸி ஆன்ட்டி-சீட்' என்னும் மோசடித் தடுப்பு மென்பொருளைச் சார்ந்த விளையாட்டுகள் சில இயங்காமல் நின்றன. லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட வணிக விளையாட்டு பத்தாண்டுகளில் முடங்கக்கூடும்; பழைய விண்டோஸ் விளையாட்டு அதே லினக்ஸ் கணினியில் நன்றாக ஓடக்கூடும்.

பின்னது நிகழ்வதற்கு அடித்தளமிட்டது வைன் என்னும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ் நிரல் கேட்கும் ஒவ்வொரு சேவையையும் லினக்ஸ் புரிந்துகொள்ளும் கட்டளையாக மாற்றித் தரும் இத்திட்டம் 1993இல் தொடங்கியது. மறு ஆண்டிலிருந்து அலெக்சாண்டர் ஜூலியார் அதனை வழிநடத்தி வருகிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இந்த அமைதியான உழைப்புக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், விண்டோஸ் 8ஐக் கணினித் துறைக்கே நேர்ந்த பேரழிவு என்று 2012இல் வருணித்ததன் பின்னே வணிக அச்சம் ஒன்று இருந்தது. இயங்குதளத்தைக் கையில் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையையும் அதனுள் திறந்தால், பிறர் கடைகளின் எதிர்காலம் அந்நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டதாகிவிடும். வால்வ் 2013 பிப்ரவரியில் ஸ்டீமை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2015இல் லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் மெஷின் கணினிகளை வெளியிட்டுத் தோற்றது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விளையாட்டை லினக்ஸுக்கென மாற்றி எழுதுவார் என்ற எதிர்பார்ப்பு பொய்த்ததே அத்தோல்வியின் முதன்மைக் காரணம்.

2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள் அந்த எதிர்பார்ப்பையே கைவிட்டது. வைனுடன், பிலிப் ரெபோலே எழுதிய டிஎக்ஸ்விகே என்னும் கருவியை அது இணைத்தது. விண்டோஸ் விளையாட்டுகள் படங்களை வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, பல இயங்குதளங்களுக்கும் பொதுவான வல்கன் கட்டளைகளாக மாற்றுவது இக்கருவியின் வேலை. 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கணினி இந்த அடித்தளத்தின்மீதே நிற்கிறது. அதில் ஓடுவது லினக்ஸ் என்பதை அறியாமலே பலர் அதில் விளையாடுகின்றனர். லினக்ஸுக்கெனத் தனிப்பதிப்பு எழுதும் ஊக்கத்தைப் புரோட்டான் குறைத்துவிட்டது என்ற குறை கூறப்படுகிறது. அது உண்மையே. எனினும் பேணுவாரற்றுப் பழுதாகும் தனிப்பதிப்பைவிட, பலர் கூடிப் பேணும் மாற்றுக்கருவியின் வழியே ஓடும் விண்டோஸ் பதிப்பு பயனருக்கு நெடுநாள் உதவும் என்பதால், தேர்ந்தெடுத்த பாதை சரியானதே.

ஆனால் இந்தப் பாதையில் தயாரிப்பாளர் எதையும் உறுதியளிப்பதில்லை. அவர் விற்றது விண்டோஸ் விளையாட்டு. அது லினக்ஸில் ஓடுவது வால்வின் ஏற்பாடு. பலர் இணையத்தில் கூடி விளையாடும் ஆட்டங்களில் இந்த வெற்றிடம் வெளிப்படுகிறது. முறைகேடாக வெல்ல முயல்வோரைக் கண்டறியும் மோசடித் தடுப்பு மென்பொருள்களில் முதன்மையான ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 செப்டம்பரில் புரோட்டானுக்கு இடமளித்தன. எனினும் அதனை ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் முடிவாகவே விடப்பட்டது. 2024 செப்டம்பரில் 'ஜிடிஏ ஆன்லைன்' பேட்டில்ஐ-யைச் சேர்த்தபோது, லினக்ஸ் பயனர்கள் இணைய ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அடுத்த மாத இறுதியில் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' லினக்ஸுக்கான அனுமதியை முற்றாக விலக்கிக்கொண்டது.

லினக்ஸில் மோசடி செய்வது எளிது என்று நிறுவனங்கள் கூறும் காரணத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. விண்டோஸில் இம்மென்பொருள்களுள் பல கெர்னலுக்குள்ளேயே புகுந்து கண்காணிக்கின்றன. லினக்ஸிலோ பயனரே தம் கெர்னலைத் திருத்தி அமைத்துக்கொள்ளலாம் என்பதால், கண்காணிப்பவரை ஏமாற்றுவதும் எளிதாகிறது. கணினியின் முழு உரிமையும் அதன் பயனரிடமே இருக்க வேண்டும் என்ற லினக்ஸின் அடிப்படைக் கொள்கையும், பயனரை நம்பாத கண்காணிப்பும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆட்டத்தின் விதிமீறல்களை நிறுவனத்தின் சேவையகத்திலேயே கண்டறியும் முறைகளால் அந்த முரணைத் தணிக்க முடியும்; ஆனால் அவற்றுக்குச் செலவாகும், 3 விழுக்காட்டினருக்காக அச்செலவை ஏற்க நிறுவனங்கள் தயங்குகின்றன. நிறுவனத்தின் கணக்கு அது. காசு கொடுத்து வாங்கி, ஆண்டுக்கணக்கில் விளையாடியவர் ஒரே இரவில் வெளியே நிறுத்தப்படுவதற்கு அந்தக் கணக்கு நியாயம் ஆகாது.

அனைத்தும் வால்வ் என்ற ஒரே தனியார் நிறுவனத்தின் ஆர்வத்தைச் சார்ந்திருப்பதும் கவலைக்குரியதே. ஆயினும் புரோட்டானின் பெரும்பகுதி மூலநிரல் திறந்தே இருப்பதால், வால்வ் விலகினாலும் செய்த வேலை அழியாது. இதற்கு முன்னுதாரணமும் உண்டு: லோக்கி மூடப்பட்ட பின்னும், அங்கு பணியாற்றிய சாம் லான்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் என்னும் நிரல் நூலகம் இன்றுவரை எண்ணற்ற விளையாட்டுகளில் பயன்படுகிறது.

மூலநிரலால் காக்க முடியாதது வாங்குபவரின் உரிமை. கெர்னலுக்குள் புகும் மோசடித் தடுப்பு மென்பொருள் ஒரு விளையாட்டில் இருந்தால், அதனை விற்பனைப் பக்கத்திலேயே அறிவிக்க வேண்டும் என்று வால்வ் 2024 அக்டோபரில் விதி வகுத்தது. அதே பக்கத்தில், புரோட்டான் வழியே வருவோரை இணைய ஆட்டத்தில் அனுமதிப்பதா இல்லையா, அனுமதித்தால் எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தயாரிப்பாளரே தம் பெயரில் எழுதித்தரவும், அவ்வாக்கை மீறினால் பணத்தைத் திருப்பித்தரவும் வேண்டும் என்று அவ்விதியை நீட்டிப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.